எந்திரங்களுக்கும் ஓர் அடையாள அட்டை

2018-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள், வியாழக்கிழமை. இலண்டன் மாநகர மக்கள் காலையில் எழுந்து கைப்பேசியைத் தொட்டபோது பலருக்கு இணையத் தொடர்பு கிடைக்கவில்லை. வேலைக்குப் போகப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தால், "அடுத்த பேருந்து இத்தனை நிமிடத்தில் வரும்" என்று அறிவிக்கும் மின்னணுப் பலகைகளும் பல இடங்களில் செயலற்றிருந்தன. பிரிட்டன் முழுவதிலும் ஓ-டூ என்னும் நிறுவனத்தின் வலையமைப்பை நம்பியிருந்த சுமார் 3 கோடிப் பேர் அன்று முழுவதும் தவித்தார்கள். அதே நேரத்தில் ஜப்பானில் சாஃப்ட்பேங்க் நிறுவனத்தின் வலையமைப்பும் முடங்கியது. அங்கே அப்போது பிற்பகல். நான்கு மணி நேரத்துக்கும் மேலாக அங்கும் இதே கதைதான்.

கோபுரம் எதுவும் சாயவில்லை. கம்பி எதுவும் அறுபடவில்லை. பகைவர் எவரும் தாக்கவில்லை. பின் என்னதான் நடந்தது?

இரண்டு நிறுவனங்களுக்கும் கருவிகளை வழங்கியிருந்தது ஸ்வீடன் நாட்டு எரிக்சன் நிறுவனம். காரணத்தை அது அன்றே வெளியிட்டது. ஒவ்வொரு கைப்பேசியும் எங்கே இருக்கிறது என்று கவனித்து, அதன் இணையத் தொடர்பை நடத்தித் தரும் மையக் கருவிகள் அவை. அவற்றின் மென்பொருளுக்குள் ஒரு சான்றிதழ் இருந்தது. அந்தச் சான்றிதழின் காலம் முடிந்துவிட்டது. அவ்வளவுதான்!

எந்திரத்துக்குச் சான்றிதழா? அதற்குக் காலவரையறை வேறா? வியப்பாக இருக்கிறது அல்லவா? நண்பர்களே, வாருங்கள், இதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

முகம் இல்லாத உரையாடல்

உங்கள் அப்பா கைப்பேசியில் ரயில் பயணச்சீட்டு பதிவு செய்கிறார் எனக் கொள்வோம். கைப்பேசி எங்கோ இருக்கும் ஒரு கணிப்பொறியோடு பேசுகிறது. பெயர், வயது, வங்கி விவரம் எல்லாவற்றையும் அதற்கு அனுப்புகிறது. மறுமுனையில் இருப்பது உண்மையிலேயே ரயில்வேயின் கணிப்பொறிதானா, அல்லது அதைப் போல நடிக்கும் வேறொன்றா? கைப்பேசிக்குக் கண் இல்லை. குரலை வைத்து ஆளை அறியும் வழியும் இல்லை. கம்பியில் வருவதெல்லாம் மின்துடிப்புகள்தாம். ஒரு துடிப்புக்கும் இன்னொரு துடிப்புக்கும் முகவேறுபாடு ஏது?

இப்படி ஒன்றோடொன்று பேசும் எந்திரங்கள் ஒரு பெரிய நிறுவனத்தில் ஏராளம். ஒரு வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குகளை வைத்திருக்கும் கணிப்பொறிகள், கிளை அலுவலகங்களை இணைக்கும் கருவிகள், காவல் காக்கும் கேமராக்கள், அச்சுப்பொறிகள், இரவில் மனிதர் உறங்கும்போது தாமாகவே வட்டி கணக்கிடும் நிரல்கள் என்று பட்டியல் நீளும். இவை ஒவ்வொன்றும் மற்றொன்றிடம், "நான் இன்னார்" என்று மெய்ப்பித்தாக வேண்டும். ஊழியர்களின் வருகைப் பதிவேட்டை விட இந்த எந்திரங்களின் பட்டியல்தான் நீளமாக இருக்கும்.

கடவுச்சொல் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். அதில் ஒரு சிக்கல் உண்டு. கடவுச்சொல்லை மெய்ப்பிக்க அதைச் சொல்லியாக வேண்டும். சொன்ன மறுகணமே அது இருவருக்கும் தெரிந்த சொல் ஆகிவிடும். கேட்டவர் நாளை உங்களைப் போல நடிக்கலாம். இரகசியத்தை வெளியிடாமலே, "அந்த இரகசியம் என்னிடம் இருக்கிறது" என்று மெய்ப்பிக்க முடியுமா?

33, 3, 7: ஒரு சிறு கணக்கு

முடியும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிஃபி, ஹெல்மன் ஆகிய இருவரும் இதற்கான எண்ணத்தை 1976-இல் வெளியிட்டார்கள். ஒரு சாவிக்குப் பதிலாக ஒரு சோடிச் சாவிகள். ஒன்றை ஊரறிய அறிவித்துவிடலாம். அது பொதுச் சாவி. மற்றொன்று உரியவரிடம் மட்டும் இருக்கும். அது இரகசியச் சாவி. மறு ஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், ஏடெல்மன் என்ற மூவர் இதைச் செயல்படுத்த ஒரு கணக்கு முறையைக் கண்டுபிடித்தனர்.

அதன் சிறு வடிவத்தைத் தாளும் பென்சிலும் கொண்டு நீங்களே செய்து பார்க்கலாம்.

ரயில்வேயின் கணிப்பொறி 33, 3 என்ற இரு எண்களைப் பொதுச் சாவியாக அறிவிக்கிறது. 7 என்ற எண்ணை இரகசியமாக வைத்துக்கொள்கிறது. உங்கள் கைப்பேசி சோதனைக்காக ஏதோ ஓர் எண்ணை அனுப்புகிறது. 4 என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணிப்பொறி 4-ஐ ஏழு முறை எழுதிப் பெருக்குகிறது. விடை 16,384. இதை 33-ஆல் வகுத்தால் மீதி 16. இந்த 16-ஐப் பதிலாக அனுப்புகிறது.

இப்போது கைப்பேசி சரிபார்க்க வேண்டும். அதற்கு 7 தெரியாது, 3 தெரியும். 16-ஐ மூன்று முறை எழுதிப் பெருக்கினால் 4,096. இதையும் 33-ஆல் வகுங்கள். மீதி 4! அனுப்பிய எண்ணே திரும்பி வந்துவிட்டது. ஆகவே பதில் சொன்னது 7-ஐ அறிந்த எந்திரமே என்பது உறுதி. ஆனால் 7 என்ற எண் ஒரு தடவைகூடக் கம்பியில் போகவில்லை என்பதைக் கவனித்தீர்களா? சோதனை எண்ணை 2 என்று வைத்து மறுபடியும் செய்து பாருங்கள். பதில் 29 வர வேண்டும். அந்த 29-இலிருந்து மீண்டும் 2 வருகிறதா என்று நீங்களே பாருங்கள்.

இதன் உயிர்நிலை எங்கே இருக்கிறது? 33 என்பது 3-ஐயும் 11-ஐயும் பெருக்கிய எண். ஒவ்வொன்றிலும் ஒன்றைக் குறைத்துப் பெருக்கினால், 2 × 10 = 20. பொதுச் சாவியின் 3-ஐ 7-ஆல் பெருக்கினால் 21; அதை 20-ஆல் வகுக்க மீதி 1. இப்படித்தான் 7 தேர்ந்தெடுக்கப்பட்டது. எனவே 33-இன் காரணிகளைக் கண்டவர் 7-ஐயும் கண்டுபிடித்துவிடுவார். 33-ஐக் காரணிப்படுத்த ஏழாம் வகுப்பு மாணவனே போதும். ஆனால் உண்மையில் பயன்படும் எண்களில் 617 இலக்கங்கள் இருக்கும்! அவ்வளவு பெரிய எண்ணின் காரணிகளை இன்றைய கணிப்பொறிகளைக் கொண்டு நடைமுறையில் காண முடியாது. நடைமுறையில் இன்னும் சில பாதுகாப்புப் படிகள் சேர்க்கப்படுகின்றன, அடிப்படை இதுதான்.

தலைமையாசிரியர் கையெழுத்து

இன்னும் ஒரு கேள்வி மீதம் இருக்கிறது. "33-உம் 3-உம் ரயில்வேயின் பொதுச் சாவி" என்று சொன்னது யார்? ஏமாற்றுக்காரன் தன்னுடைய எண்களை நீட்டி, "இதுதான் ரயில்வேயின் சாவி" என்று சொல்லலாமே!

உங்கள் பள்ளி அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். உங்கள் பெயர் இருக்கிறது. புகைப்படம் இருக்கிறது. எந்தக் கல்வியாண்டுக்கு உரியது என்று எழுதியிருக்கிறது. தலைமையாசிரியரின் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் இருக்கின்றன. உங்களை அறியாதவர்கூட அந்தக் கையெழுத்தை நம்பி உங்களை நம்புகிறார்.

எந்திரத்தின் சான்றிதழும் அப்படியே. அதில் எந்திரத்தின் பெயர் உண்டு. புகைப்படத்தின் இடத்தில் பொதுச் சாவி உண்டு. எந்த நாள் முதல் எந்த நாள் வரை செல்லும் என்பது உண்டு. கடைசியாக, சான்றளிக்கும் நிறுவனம் ஒன்றின் கையொப்பம் உண்டு. அந்தக் கையொப்பமும் மேலே கண்டது போன்ற கணக்குத்தான். அந்த நிறுவனத்தின் இரகசியச் சாவியால் போடப்பட்டது. கைப்பேசி வாங்கும்போதே, நம்பத்தக்க சான்றளிப்பவர்களின் பட்டியல் அதற்குள் வைக்கப்பட்டிருக்கிறது. இத்தகைய சான்றிதழ் என்னும் யோசனையை 1978-இல் எழுதியவர் கோன்ஃபெல்டர். அப்போது அவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர்!

கையெழுத்திடுபவரின் வீட்டிலேயே திருடன் புகுந்தால்? அதுவும் நடந்திருக்கிறது. நெதர்லாந்தில் டிஜிநோட்டார் என்றொரு சான்றளிக்கும் நிறுவனம் இருந்தது. 2011-இல் அதன் கணிப்பொறிகளுக்குள் புகுந்தவர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உருவாக்கினார்கள். அவற்றுள் ஒன்று கூகுளின் பெயரில் இருந்தது. அதைக் கொண்டு ஈரான் நாட்டு மக்களின் மின்னஞ்சல்களை வேவு பார்த்தார்கள். செய்தி வெளியானதும் அந்நிறுவனத்தின் கையொப்பத்தை உலகமே ஏற்க மறுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அது நொடித்துப் போனது. நம்பிக்கையை விற்பவரிடம் நம்பிக்கை போனால் விற்பதற்கு வேறென்ன இருக்கிறது?

தேதி எதற்கு?

"காலம் முடிந்ததால்தானே அத்தனை தொல்லை? தேதியே போடாமல் விட்டால் என்ன?" என்று நீங்கள் நினைக்கலாம்.

போன ஆண்டு பள்ளியை விட்டுச் சென்ற ஒரு மாணவனின் அட்டை தொலைந்து, வேறொருவர் கையில் கிடைத்தது என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதில் ஆண்டு எழுதியிருந்தால் அது தானாகவே செல்லாததாகிவிடும். எழுதாவிட்டால் என்றைக்கும் செல்லும்! எந்திரத்தின் இரகசியச் சாவியும் திருடப்படலாம். திருடப்பட்டதே தெரியாமல் இருக்கலாம். சான்றிதழின் ஆயுள் குறைவாக இருந்தால் திருடனுக்குக் கிடைக்கும் காலமும் குறைவு. ஆகவே தேதி ஒரு தொல்லையன்று; அது ஒரு காப்பு.

அதனால்தான் ஆயுளைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். பொது இணையதளச் சான்றிதழ் ஒன்று 2020 செப்டம்பர் முதல் அதிகம் போனால் 398 நாள் செல்லும் என்று இருந்தது. சான்றளிப்பவர்களும் உலாவி தயாரிப்பவர்களும் கூடி 2025 ஏப்ரலில் ஒரு முடிவு எடுத்தார்கள். 2026 மார்ச் 15 முதல் வழங்கப்படுபவற்றுக்கு 200 நாள். 2027 மார்ச் 15 முதல் 100 நாள். 2029 மார்ச் 15 முதல் 47 நாள். அதாவது ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்ததை இனி ஆண்டுக்கு எட்டு முறை புதுப்பிக்க வேண்டும்.

ஒரே ஒரு சான்றிதழ் என்றால் நாட்காட்டியில் வட்டமிட்டு வைக்கலாம். ஆயிரம் ஆயிரமாக இருந்தால்? 2018-இல் நடந்ததை மீண்டும் நினைத்துப் பாருங்கள். ஒரே மென்பொருளைப் பல நாடுகளின் வலையமைப்புகளில் வைத்திருந்தார்கள். எல்லாவற்றுக்குள்ளும் இருந்தது ஒரே தேதி. ஆகவே இலண்டனில் விடியும் நேரமும் ஜப்பானில் பிற்பகலும் ஒரே கணத்தில் இருண்டன.

சத்தமில்லாத விபத்து

சான்றிதழ் காலாவதியானால் எந்திரம் நின்றுபோகும். உடனே எல்லோருக்கும் தெரிந்துவிடும். இது ஒருவகையில் நல்லது. இதைவிட மோசமானது, எதுவும் நிற்காமல் இருப்பது.

அமெரிக்காவில் ஈக்விஃபாக்ஸ் என்றொரு நிறுவனம் இருக்கிறது. மக்களின் கடன் விவரங்களைத் திரட்டி வைப்பது அதன் தொழில். 2017 மே மாதம் சிலர் அதன் கணிப்பொறிகளுக்குள் நுழைந்தார்கள். ஒரு மென்பொருளில் இருந்த ஓட்டையைச் சரிசெய்யாமல் விட்டதே அவர்களுக்கு வாசலாயிற்று. உள்ளிருந்து வெளியே போகும் மறையீட்டுச் செய்திகளைப் பிரித்துப் பார்த்து ஐயப்பட்டால் எச்சரிக்க, அங்கே ஒரு காவல் கருவி இருந்தது. ஆனால் அந்தக் கருவிக்குரிய சான்றிதழ் காலாவதியாகிக் கிடந்தது. கருவி செய்திகளை நிறுத்தவில்லை; பார்க்காமலே போகவிட்டது. காவலர் நாற்காலியில்தான் இருந்தார். கண்கள் மட்டும் மூடியிருந்தன.

ஜூலை 29 அன்று சான்றிதழைப் புதுப்பித்தார்கள். அன்றே ஐயத்துக்குரிய போக்குவரத்து கண்ணில் பட்டது! ஆனால் அதற்குள் பதினான்கரைக் கோடிக்கும் மேற்பட்ட மக்களின் சொந்த விவரங்கள் வெளியே போயிருந்தன. ஒரு சான்றிதழைப் புதுப்பிக்கும் வேலைக்குச் சில நிமிடமே ஆகும். அந்த வேலை யாருடையது என்பதுதான் கேள்வி.

ஆணியில் தொங்கிய சாவிகள்

எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய உதவியாளர் ஒருவர் ஓய்வு பெற்றார். நல்ல மனிதர், எல்லாவற்றையும் மனத்திலேயே வைத்திருப்பார். மறுநாள் செய்முறைத் தேர்வு. நிறமாலைமானிகள் இருந்த பீரோவைத் திறக்க வேண்டும். சுவரில் ஓர் ஆணியில் இருபதுக்கும் மேற்பட்ட சாவிகள் கொத்தாகத் தொங்கின. எது எதற்கு என்று ஒன்றிலும் எழுதியிருக்கவில்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். மாணவர்கள் வெளியே வியர்த்துக்கொண்டு நின்றார்கள். அரை மணி கழித்துப் பூட்டு திறந்தது. அதைவிட ஒன்று அன்று எனக்கு உறைத்தது. அந்தக் கொத்தில் ஏழெட்டுச் சாவிகள் எந்தப் பூட்டுக்கும் சேரவில்லை. அவை எந்த அறையைத் திறப்பவை? அவற்றுக்கு மறுசாவி யாரிடம் இருக்கிறது? இன்றுவரை எவருக்கும் தெரியாது.

பெரிய நிறுவனங்களின் நிலையும் இதுதான், நண்பர்களே. கணக்கு எவ்வளவு வலியதாக இருந்தாலும் அதைக் கட்டிக்காப்பது ஒரு பதிவேடுதான். விவரம் அறிந்த நிறுவனங்கள் செய்பவை இவை.

முதலில், எந்த எந்திரத்துக்கு எந்தச் சாவி, எந்தச் சான்றிதழ், எந்தத் தேதி என்று முழுப் பட்டியல் எடுப்பது. வலையமைப்பைத் துழாவிச் சான்றிதழ்களைக் கண்டுபிடிக்கும் நிரல்கள் இதற்கு உதவுகின்றன.

இரண்டாவது, ஒவ்வொன்றுக்கும் ஒரு மனிதரைப் பொறுப்பாக்குவது. அவர் வேறு வேலைக்குப் போனால் அந்தப் பொறுப்பை எழுத்து மூலம் இன்னொருவரிடம் ஒப்படைப்பது.

மூன்றாவது, இரகசியச் சாவியைப் பத்திரமாக வைப்பது. இதற்கென்றே தனிக் கருவிகள் உண்டு. சாவி அதற்குள்ளேயே பிறக்கும். கணக்கும் அதற்குள்ளேயே நடக்கும். விடை மட்டுமே வெளியே வரும். சாவியை நிரலின் வரிகளுக்கிடையே எழுதி வைப்பது, வீட்டுச் சாவியைக் கதவிலேயே மாட்டிவிட்டுப் போவதற்கு ஒப்பாகும். நிரல் எழுதப் பழகும் மாணவர்கள் இதை இப்போதே மனத்தில் வையுங்கள்.

நான்காவது, புதுப்பிக்கும் வேலையை எந்திரத்திடமே விடுவது. லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு 2015 முதல் 90 நாள் சான்றிதழ்களை இலவசமாக வழங்கி வருகிறது. கணிப்பொறி தானே விண்ணப்பித்து, தன் பெயர் தனக்கு உரியதுதான் என்று மெய்ப்பித்து, புதியதைப் பெற்றுக்கொள்கிறது. மனிதரின் மறதிக்கு அங்கே இடமில்லை. ஆனால் அந்த ஏற்பாடு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க மனிதர்தான் வேண்டும்.

ஐந்தாவது, ஓய்வு கொடுப்பது. பழைய எந்திரத்தைக் கழித்துக் கட்டும்போது அதன் சான்றிதழையும் செல்லாது என்று அறிவிக்க வேண்டும். சாவி திருடுபோனாலும் அவ்வாறே. இல்லாவிட்டால் எந்திரம் போன பிறகும் அதன் பெயரில் ஓர் ஆவி உலவிக்கொண்டிருக்கும்!

பட்டியல் வைத்திருப்பதற்கு இன்னொரு காரணமும் வந்துவிட்டது. குவாண்டம் இயற்பியலின் அடிப்படையில் இயங்கும் பெரிய கணிப்பொறி ஒன்று உருவானால், 617 இலக்க எண்ணையும் காரணிப்படுத்திவிடலாம் என்று 1994-இலேயே பீட்டர் ஷோர் காட்டினார். அந்த அளவுக்கு வல்லமையுள்ள பொறி இன்னும் வரவில்லை. ஆயினும் முன்னெச்சரிக்கையாக, அதற்கு ஈடுகொடுக்கும் புதிய கணக்கு முறைகளை 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் வெளியிட்டது. இனி உலகெங்கும் பழைய சாவிகளை மாற்றியாக வேண்டும். எங்கே எத்தனை சாவி இருக்கிறது என்றே அறியாதவர் எதை மாற்றுவார்?

நீங்களே பாருங்கள்

கணிப்பொறியில் ஏதேனும் ஓர் இணையதளத்தைத் திறந்து, முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சிறு குறியைத் தொடுங்கள். அங்கிருந்து சான்றிதழைப் பார்க்கும் வழி கிடைக்கும். யார் பெயருக்கு, யார் கையொப்பமிட்டது, எந்த நாளோடு முடிகிறது என்று மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பத்துத் தளங்களுக்கு இப்படிச் செய்து ஓர் அட்டவணை போடுங்கள். முடியும் நாள் கழிந்த பின் மறுபடியும் போய்ப் பாருங்கள். புதிய தேதி வந்திருந்தால் அங்கே யாரோ ஒருவரோ, யாரோ ஒருவர் அமைத்த ஒரு நிரலோ விழித்திருக்கிறது என்று பொருள்.

ஏதேனும் ஒரு தளத்தைத் திறக்கும்போது "இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்ற எச்சரிக்கை வந்தால், அவசரப்பட்டு "பரவாயில்லை, மேலே போ" என்று அழுத்தாதீர்கள். அது வெறும் மறதியாகவும் இருக்கலாம். மறுமுனையில் வேறொருவர் இருப்பதாகவும் இருக்கலாம். இரண்டையும் வேறுபடுத்திக் காண நம்மால் முடியாது. உரியவருக்குத் தெரிவித்துவிட்டுக் காத்திருப்பதே அறிவுடைமை.

அடுத்த முறை ஆய்வகத்துக்குப் போகும்போது சாவிகள் தொங்கும் ஆணியையும் ஒரு தடவை பாருங்கள். பெயர்ச்சீட்டு இல்லாத சாவி ஏதேனும் தொங்கினால் ஆசிரியரிடம் கேளுங்கள்: "ஐயா, இது எந்தப் பூட்டுக்கு?"